அந்தோனியாரும் எட்டில் ஒன்றும்

இமெல்டாவின் வீட்டில் எந்தச் சண்டைக்கும் தீர்ப்புச் சொல்வது ஒரு இருபத்தைந்து சதக் காசுதான். குளிருக்குள்ளே குப்பைப் பையைக் கீழே கொண்டுபோவது யார், உடுப்புத் தோய்க்கிற கடையில் காவல் இருப்பது யார் என்று அக்காளுக்கும் தங்கச்சிக்கும் வாய்த்தர்க்கம் தொடங்கினால் போதும், இமெல்டா காசை எடுத்துச் சுண்டிவிடுவாள். ஊரில் மாதிரி தலையா பூவா என்று இங்கே கேட்க வழியில்லை. கனடாக் காசில் ஒருபக்கம் மகாராணியின் தலை, மறுபக்கம் கொம்பு வைத்த மானின் தலை. இரண்டும் தலையென்றால் மனிசர் எதைச் சொல்லித் தொலைக்கிறது? வந்த கிழமையே இதில் ஒரு சண்டை வந்து, இனிமேல் "ராணியா மானா" என்றுதான் கேட்பது என்று முடிவாகியது.

அது எண்பத்தாறாம் ஆண்டு. கோட்-டெ-நேஜ் என்கிற பகுதியில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ட். இமெல்டாவுக்கு நாற்பத்துநாலு வயது, கலியாணம் ஆகவில்லை. கோட்டுத் தைக்கிற ஃபாக்டரியில் கழுத்துப்பட்டி பொருத்துகிற வேலை. தங்கச்சி செலீன் பதினைந்து வயது இளையவள். நகரத்துக்கு வெளியே புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள். தாய் கண்ணை மூடிய நாளிலிருந்து செலீனுக்கு எல்லாம் இமெல்டாதான். மூன்றாவது ஆளாக அந்த வீட்டில் இருப்பவர் அந்தோனியார். மன்னாரிலிருந்து வந்த வழியில் நகை போனது, சூட்கேஸ் போனது, இரண்டு சீத்தைத் துணிப் பாவாடைக்கு நடுவே சுற்றியிருந்த அந்தோனியாரின் சுரூபம் மட்டும் ஒரு கீறல் விழாமல் வந்து சேர்ந்தது. அவர் ஃபிரிட்ஜுக்கு மேலே நின்றுகொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பூசை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டுப்பட்டது. குலேந்திரன் நின்றான். கையில் ஒரு கேக் பெட்டி. மேலே யாரிடமோ இரவல் வாங்கின கோட்டு. கை நீளம் காணாமல் மணிக்கட்டு இரண்டும் வெளியே தெரிந்தன. அவன் செலீனோடு பிரெஞ்சு வகுப்பில் படித்தவன். மட்டக்களப்புப் பொடியன், ஊரில் ரியூட்டரியில் கணக்குப் படிப்பித்தவன், இப்போது துறைமுகத்தில் லொறிக்குச் சாமான் ஏற்றுகிறான். அவனைப்பற்றிச் செலீன் ஆறு மாதமாக அளவுக்கு அதிகமாகவும் கதைக்கவில்லை, குறைவாகவும் கதைக்கவில்லை. அதை வைத்தே இமெல்டாவுக்கு விஷயம் விளங்கிவிட்டிருந்தது.

"அக்கா, எனக்காகக் கதைக்க இஞ்ச பெரியாக்கள் ஒருத்தரும் இல்லை" என்றான் அவன், கதிரையின் நுனியில் இருந்துகொண்டு. "அதால நானே கேக்க வந்தனான். செலீனைக் கட்டித் தருவீங்களோ?"

சும்மா சொல்லக்கூடாது, இமெல்டாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதுதானே கரைச்சல்! குடிக்கிறான் என்றோ கள்ளன் என்றோ இருந்தால் இரண்டு ஏச்சு ஏசி அனுப்பிவிடலாம். சைவப்பொடியன் என்று சாட்டுச் சொல்லலாமென்றால், அதற்கும் அவன் முந்திக்கொண்டு, அவர்களுடைய மாதா கோயிலிலேயே கைப்பிடிக்கத் தனக்குச் சம்மதம், பங்குச் சுவாமியாரோடும் கதைத்தாயிற்று என்று சொல்லிவிட்டான். இனி என்னத்தைச் சொல்வது? உண்மையைச் சொன்னால் வெட்கக்கேடு. செலீன் போய்விட்டால் இந்த வீட்டில் பின்னேரம் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது "வந்திட்டியோ அக்கா" என்று கேட்க ஆள் இல்லை. அந்தோனியார் வாய் திறந்து கதைக்கப்போகிறாரா?

"எங்கட வீட்டில பெரிய காரியம் எண்டா திருவுளச்சீட்டுப் போட்டுத்தான் பாக்கிறது, தம்பி" என்றாள். "அம்மா காலத்தில இருந்து அதுதான் வழக்கம்."

வழக்கம் இதுதான். 'ஓம்' என்று ஒரு துண்டு, 'வேண்டாம்' என்று ஒரு துண்டு எழுதிச் சுருட்டி அந்தோனியாரின் காலடியில் வைக்கிறது. மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொன்ன பிறகு ஒரு சின்னப்பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிக்கிறது. ஊரிலே மற்ற வீடுகளில் ஒருதரம் எடுத்தால் சரி. இமெல்டாவின் தாய் அப்படி லேசில் விடுகிற மனிசி இல்லை. அடுத்தடுத்து மூன்றுதரம் 'ஓம்' வந்தால்தான் அது அந்தோனியாரின் வாக்கு. இடையில் ஒரு 'வேண்டாம்' வந்தால் அந்தப் பேச்சு அத்தோடு சரி, திரும்ப அவரைக் கேட்டு அலுப்புக் கொடுக்கக்கூடாது.

"சீட்டெடுக்கச் சின்னப்பிள்ளைக்கு இஞ்ச நான் எங்க போறது? அதால காசு. ராணி விழுந்தா ஓம், மான் விழுந்தா வேண்டாம். மூண்டுதரமும் ராணி விழ வேணும்."

"அக்கா!" என்று குசினி வாசலில் நின்று கத்தினாள் செலீன். "குப்பைப் பையோ நான், காசு சுண்டிப் பாக்க?"

"நீ சும்மா இரு. நான் உன்னட்டக் கேக்கேல்ல, அந்தோனியாரிட்டக் கேக்கிறன்."

குலேந்திரன் கோபிக்கவில்லை. உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் போடுகிற சில்லறை இருக்கிறதா என்று கேட்டான். செலீன் சில்லறை சேர்த்து வைக்கிற பால்மா ரின்னைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள். அவன் காசுகளை மும்மூன்றாக வரிசை பிடித்து வைக்கத் தொடங்கினான். ராணி, ராணி, ராணி. அதற்குக் கீழே ராணி, ராணி, மான். பிறகு ராணி, மான், ராணி. இப்படியே ஒன்றைப்போல ஒன்று வராமல் அடுக்கிக்கொண்டு போய், கடைசி வரிசையில் மூன்று மானையும் வைத்துவிட்டு நிமிர்ந்தான். எட்டு வரிசை. இதற்குமேல் ஒன்பதாவது வரிசை வைக்க ஏலுமென்றால் வையுங்கோ என்று ரின்னை இமெல்டாவின் பக்கம் தள்ளினான். இமெல்டாவும் விடுகிற ஆளா? இரண்டு மூன்று விதமாக வைத்துப் பார்த்தாள். வைத்ததெல்லாம் மேலே ஏற்கெனவே இருந்தது.

"மூண்டுதரம் சுண்டினா இந்த எட்டில ஒண்டுதான் வரும், அக்கா. ஒவ்வொண்டுக்கும் ஒரேயளவு இடம்தான். மூண்டும் ராணி எண்டு இருக்கிறது இந்த முதல் வரிசை மட்டும். எட்டில ஒண்டு."

"அப்ப அக்கா என்னைத் தரமாட்டன் எண்டு சொல்லத்தான் இப்பிடிக் கேட்டவ" என்றாள் செலீன்.

"அக்காவைச் சொல்லாதை. அக்கா வழக்கத்தைச் சொன்னவ." அவன் இமெல்டாவைப் பார்த்தான். "எதைக் கேட்டாலும் இதுதான் கணக்கு. நல்ல காரியத்தைக் கேட்டாலும் கூடாததைக் கேட்டாலும் எட்டுக்கு ஏழுதரம் வேண்டாம் எண்டுதான் வரும். பறவாயில்லை, போடுங்கோ. எட்டில ஒண்டு சும்மா இல்லை. நான் ஊரில இருந்து வெளிக்கிடேக்க, உயிரோட வந்து சேர எனக்கு அந்தளவும் இருக்கேல்ல."

இமெல்டாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "கணக்கு உம்மட்ட இருக்கட்டும், அந்தோனியார் என்னட்ட இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, மெழுகுதிரியைக் கொளுத்திச் சிலுவை போட்டுக்கொண்டு காசைச் சுண்டினாள். காசு மேசையில் விழுந்து சுழன்று படுத்தது.

மான்.

முதலாவதே மான். குலேந்திரன் எழும்பி, "சரி அக்கா" என்றான். இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு, கேக் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். செலீன் அழுது குழறுவாள், சட்டி பானையைப் போட்டு உடைப்பாள் என்று இமெல்டா எதிர்பார்த்திருந்தாள். அதற்கு வேண்டிய ஏச்செல்லாம் வாயில் தயாராக இருந்தது. செலீன் காசுகளை ரின்னுக்குள் அள்ளிப் போட்டாள், தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "நீ சொன்னாச் சரி, அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கறியைச் சூடாக்கினாள்.

இமெல்டாவுக்குத் தான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மெஷினில் இருந்து கழுத்துப்பட்டியை மடித்துத் தைக்கும்போது அவன் சொன்ன சொல் தலைக்குள் வந்து குந்திக்கொண்டது. எதைக் கேட்டாலும். நல்லதைக் கேட்டாலும். சின்ன வயதிலிருந்தே, எங்கட அந்தோனியார் கண்டிப்பானவர் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த குடும்பம் அது. அப்பா புது வள்ளம் வாங்கக் கேட்டார், வேண்டாம் என்றார். சின்னையா கொழும்பில் கடை போடக் கேட்டார், வேண்டாம் என்றார். ஊரில் மற்ற ஆட்களுக்கெல்லாம் தாராளமாகக் கொடுக்கிற அந்தோனியார் தங்களோடு மட்டும் கொஞ்சம் கடுமை என்று அம்மா பெருமையாகக்கூடச் சொல்லுவா. அட கடவுளே, அவர் பாவம் என்ன செய்வார்? மூன்றுதரம் கேள் என்று சட்டம் போட்டது அம்மா.

பிறகு அம்புறோஸின் நினைவு வந்தது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். முருங்கன் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். சைக்கிளில் வந்து இறங்கும்போது காற்சட்டைக் காலைக் கிளிப் போட்டுப் பிடித்திருப்பார். அவளை விருப்பமென்று ஆள் விட்டுக் கேட்டார். இமெல்டாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. அம்மா சீட்டுப் போட்டா, பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்தது, முதல் துண்டே 'வேண்டாம்'. அவ்வளவும்தான். "நீங்கள் சொன்னாச் சரி, அம்மா" என்று சொல்லிவிட்டு இமெல்டா அன்றைக்குக் கோப்பை கழுவினாள். அந்தோனியாருக்கே தன்னைக் கட்டிக்கொடுக்க விருப்பமில்லை, தன்னில் என்ன குறையோ என்று இவ்வளவு காலமும் அவள் உள்ளுக்குள் நம்பியிருந்தாள். அம்புறோஸ் வேறொரு இடத்தில் கலியாணம் முடித்து நாலு பிள்ளைகளும் பெற்றுவிட்டார்.

மெஷின் நின்றுவிட்டது. பக்கத்து மெஷின் கிரேக்க மனிசி என்ன ஏது என்று கையால் கேட்டாள். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு இமெல்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் அவள் சட்டத்தை மீறினாள். அந்தோனியாரே, குறை நினைக்காதையும், இன்னொருக்காக் கேக்கிறன் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுக் காசைச் சுண்டினாள். ராணி விழுந்தது, அடுத்தது மான். செவ்வாய்க்கிழமையும் சுண்டினாள், புதன்கிழமையிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டுதரம் கேட்டாள். எட்டில் ஒன்று என்றுதானே அவன் சொன்னான்? அப்படியென்றால் எட்டுத்தரம் கேட்டால் ஒருதரம் விழத்தானே வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. வெள்ளிக்கிழமை எட்டும் முடிந்துவிட்டது. விழவில்லை. கடைசித்தரம் மான் விழுந்தபோது அவளுக்கு வந்த கோபத்தில், வீட்டுக்குப் போய் அந்தோனியாரை முகட்டைப் பார்க்கிற மாதிரித் திருப்பிக் கிடத்தலாமா என்றுகூட யோசித்தாள்.

வீட்டில் செலீன் எப்போதும் போலத்தான் இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. "வந்திட்டியோ அக்கா" என்று கேட்டாள், கால் விறைத்துவிட்டதா என்று சுடுதண்ணி வைத்துக் கொடுத்தாள். குப்பைப் பைக்குக் காசு சுண்டாமல் தானே எடுத்துக்கொண்டு போனாள். ஒருதரமாவது சண்டை பிடித்துத் தொலைக்கமாட்டாளா என்று இமெல்டா ஏங்கிப்போனாள்.

சனிக்கிழமை காலையில் மீன் வாங்கப் போன இடத்தில் குலேந்திரன் நின்றான். இவளைக் கண்டதும் ஒதுங்கிப் போகவில்லை, "எப்பிடி அக்கா, சுகமோ?" என்று வந்து பையை வாங்கிப் பிடித்துக்கொண்டான். முகம் வாடித்தான் கிடந்தது. இமெல்டா சாளை மீனின் செவுளைத் திறந்து பார்த்தபடி, பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்கிற மாதிரிக் கேட்டாள்.

"தம்பி, உம்மட கணக்கில ஒரு பிழை கிடக்கு. எட்டில ஒண்டு எண்டா, எட்டுத்தரம் கேட்டா ஒருக்கா விழத்தானே வேணும்?"

"அப்பிடி இல்லை அக்கா." அவன் சிரிக்காமல் சொன்னான். "மூண்டு பேர் தனித்தனிய எட்டெட்டுத்தரம் கேட்டுப் பாத்தா, ரெண்டு பேருக்கு ஒருக்காவாவது விழும். ஒராளுக்கு எட்டுத்தரமும் விழாமல் போகும். ஏறக்குறைய அப்பிடித்தான் வரும்."

"அந்த ஒராள் பாவமெல்லோ? இவ்வளவுதரம் மான் விழுந்தாப் பேந்தாவது ராணி கூட விழ வேண்டாமோ?"

"காசுக்கு ஞாபகம் இல்லை அக்கா. முந்தி என்ன விழுந்தது எண்டு அதுக்குத் தெரியாது. ஒவ்வொருதரமும் அது புதுசாத்தான் விழுகுது." குரலைத் தணித்து, "நீங்கள் எட்டுத்தரம் போட்டுப் பாத்தனீங்களோ?" என்றான்.

"ஆர் போட்டது? நான் சும்மா பொதுவாக் கேட்டன்!" என்று சீறினாள் இமெல்டா. மீன்கடைக்காரன் திடுக்கிட்டுத் திரும்பினான். குலேந்திரன் பஸ்தரிப்பு வரைக்கும் பையைக் காவிக்கொண்டு வந்தான். பஸ் வந்ததும் அவளை ஏற்றிவிட்டுப் பையை மடியில் வைத்தபோது அவனுடைய கண் கலங்கியிருந்ததை அவள் கண்டாள். நல்ல பிள்ளை. இவனைப்போய் மானைக் காட்டித் துரத்தினேனே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம், வேலை விட்டு வந்து மெத்ரோ ஸ்டேஷனில் மாறி ஏறுகிற இடத்தில் ரெயில் பிந்தியது. இமெல்டா பிளாட்பாரத்து வாங்கில் குந்தியிருந்தாள். சப்பாத்துக்குள் உருகின பனி ஊறி விரலெல்லாம் நனைந்திருந்தது. பர்சுக்குள் ஒரேயொரு இருபத்தைந்து சதம் கிடந்தது. காசுக்கு ஞாபகம் இல்லையாம். சரி பார்ப்போம் என்று மடியில் கைப்பையை வைத்து அதன்மேல் சுண்டினாள்.

ராணி.

பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. இதுவரை எத்தனை தரம் முதலாவது ராணி விழுந்திருக்கிறது! திரும்பச் சுண்டினாள். காசு கைப்பையில் பட்டுத் துள்ளி வாங்கிலே விழுந்தது. குனிந்து பார்த்தாள்.

அதுவும் ராணி.

இமெல்டா காசை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். குலேந்திரன் அடுக்கிய எட்டு வரிசையும் அவளுடைய கண்ணுக்குள் வந்து நின்றன. முதல் இரண்டும் ராணியாக இருந்த வரிசை இரண்டே இரண்டுதான். ஒன்று ராணியில் முடிந்தது, மற்றது மானில் முடிந்தது. மிச்ச ஆறு வரிசையும் இப்போது இல்லை. எட்டில் ஒன்று என்பது போய் இப்போது இரண்டில் ஒன்று. சரிக்குச் சரி.

மற்ற நாட்களில் மான் விழுந்தபோது வந்தது கோபம். இப்போது வந்தது பயம். மான் விழுந்துவிட்டால்? இவ்வளவு கிட்ட வந்து, விழுந்துவிட்டால்? செலீன் கோப்பை கழுவிக் கவிழ்த்துக்கொண்டே இருப்பாள். தன்னைப்போலவே நாற்பத்துநாலு வயதில் ஏதோ ஒரு வாங்கில் ஈரச் சப்பாத்தோடு இருந்து, தன்னில் என்ன குறை என்று யோசிப்பாள். ரெயில் வந்து கதவு திறந்தது, சனம் ஏறியது, கதவு மூடியது. இமெல்டா ஏறவில்லை.

அந்தோனியாரே, என்று அவள் கூப்பிட்டாள். உமக்குக் கோடி நன்றி. இனி உம்மைக் கரைச்சல்படுத்தமாட்டன். இந்தமுறை பதிலை நான் சொல்லுறன்.

படிக்குப் பக்கத்தில் சுவரோடு பொதுத் தொலைபேசி இருந்தது. அவள் எழும்பிப் போய்க் காசைத் துவாரத்துக்குள் போட்டு வீட்டு நம்பரைச் சுழற்றினாள்.

"அலோ?"

"பிள்ளை, நான்தான். குலேந்திரனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லு. கலியாணத்துக்கு நாள் பாக்க வேணும் எண்டு சொல்லு."

மெல்லக் கேட்டாள் செலீன்: "அக்கா, திரும்பவும் காசு போட்டனியோ? மூண்டும் ராணியோ?"

"ரெண்டு ராணி."

"மூண்டாவது?"

"மூண்டாவதுக்குச் சுண்டேல்ல. காசைப் போனுக்குள்ள போட்டிட்டன்."

செலீன் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இமெல்டாவுக்குப் பிடிபடவில்லை. "வீட்டதானே வந்துகொண்டிருக்கிறாய், லூசு அக்கா" என்று மூக்கை உறிஞ்சினாள் அவள். "வந்து சொல்லியிருக்கலாமே!"

"வாற வழியில எனக்குத் துணிவு போயிடும் எண்டு பயந்தனான்." இமெல்டா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பின்னால் அடுத்த ரெயில் வந்து நின்றது. "அம்புறோசுக்கு ஒருக்காத்தான் சீட்டெடுத்தது, செலீன். இன்னொருக்கா எடுத்துப் பாருங்கோ அம்மா எண்டு நான் கேக்கேல்ல. எனக்கு அவரை விருப்பம் எண்டும் சொல்லேல்ல. வாயைத் திறந்து ஒரு சொல்லுக்கூட நான் சொல்லேல்ல."